இருபத்து நான்காவது பிள்ளை

போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, என்னால் ஒரு பிள்ளை கடலோடு போய்விட்டது என்று அரை மணி நேரம் நம்பினேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மறைத்தால் மாதாவுக்கு நன்றி கெட்டவளாகிவிடுவேன்.

எனக்கு வீடு ரெட்டியார்பாளையம். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களாகப் போகிறவர்களுக்குப் பயிற்சி தரும் கல்லூரியில் பேராசிரியை. முதலில் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்து, குழந்தைகளின் கேட்கும் திறனை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கி மேலே வந்தவள். பட்டம் வாங்கியதிலிருந்து என் கழுத்து கொஞ்சம் விறைப்புதான். ஜெபத்தில்கூட அடுத்த பதவி உயர்வைத்தான் ஆண்டவருக்கு ஞாபகப்படுத்திக்கொண்டிருப்பேன்.

அன்று பிள்ளைச்சாவடிப் பக்கம் கடலோரப் பள்ளி ஒன்றில் என் மாணவி நிவேதா பயிற்சி வகுப்பு எடுத்தாள். நான் மதிப்பெண் போடப் போயிருந்தேன். பாடக்குறிப்பில் நான் சொல்லிக்கொடுத்த விளையாட்டு இருந்தது. பிள்ளைகள் ஒளிந்துகொள்ள வேண்டும். டீச்சர் பல சொற்களைச் சொல்லுவார். குறித்த ஒரு சொல் காதில் விழுந்தால் மட்டும் வெளியே ஓடி வர வேண்டும். என் ஆராய்ச்சியிலேயே பாராட்டு வாங்கியது இதுதான்.

விளையாட்டு முடிந்து நிவேதா தலை எண்ணினாள். இருபத்து மூன்று. மறுபடி எண்ணினாள். இருபத்து நான்கு இருக்க வேண்டும்.

“மேடம்... துர்காவக் காணோம்.”

பின்பக்கக் கதவு திறந்து கிடந்தது. அதைத் தாண்டினால் மணல், கருங்கல் குவியல், கடல்.

“துர்கா, துர்கா” என்று கத்தினோம். வலை சரிசெய்துகொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். இரண்டு பேர் தண்ணீரில் இறங்கினார்கள். ஆறு வயதுப் பிள்ளை. பாடக்குறிப்பில் கையெழுத்துப் போட்டவள் நான்.

அவளுடைய அம்மா சங்கீதா மீன் விற்கப் போன இடத்திலிருந்து ஓடி வந்து, பள்ளி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்கள நம்பித்தான மேடம் உட்டுட்டுப் போனேன்? எம் புள்ள எங்க?”

கையை விடுவித்துக்கொண்டு கரைக்கு ஓடினேன். அங்கே கட்டை கொடுத்துக் கவிழ்த்து வைத்த ஒரு ஃபைபர் படகு. குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை; எல்லார் கண்ணும் கடல்மேல். அதன் பக்கத்தில் மணலில் முட்டி போட்டேன். சின்ன வயதிலிருந்து சொல்லும் ஜெபம் பாதியில் மறந்துபோனது. வாழ்நாளில் நான் அப்படிப் பயந்ததில்லை.

“மாதாவே, போதும்! என்னால தாங்க முடியல. போதும்!” என்று வாய்விட்டு அலறினேன்.

படகுக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கை வந்தது. அப்புறம் தலை.

“நான்தான மேடம் ஜெயிச்சேன்?” என்றாள் துர்கா.

நிவேதா பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்த சொல் ‘போதும்’. தேடிய பதற்றத்தில் அது எங்கள் இருவருக்குமே நினைவு வரவில்லை. அவளுடைய மெல்லிய குரல் கடல்காற்றில் படகுவரை எட்டவில்லை. நாங்கள் பேர் சொல்லிக் கத்தியதெல்லாம் துர்காவுக்குக் கேட்டிருக்கிறது. “பேரு சொல்லிக் கூப்ட்டாலும் வரக் கூடாதுன்னு மிஸ்ஸு சொன்னாங்களே!” என்றாள். நிவேதாமேல் தப்பில்லை. பிள்ளைகளை ஏமாற்றப் பெயர்களையும் கூப்பிடு என்று வருடக்கணக்காக எழுதிக்கொடுத்தவள் நான்தான்.

அந்தப் படகுப் பக்கம் என்னை முட்டி போட வைத்ததும், அந்தச் சொல்லை என் வாயில் வைத்ததும் மாதாதான் என்று நம்புகிறேன். தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்த அரை மணி நேரம் அவர்கள் அங்கே இல்லை.

கல்லூரியில் எல்லார் முன்னாலும் என் தவறைச் சொன்னேன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் எந்த விளையாட்டையும் விட்டுவிட்டு வர வேண்டும் என்பதுதான் இப்போது நான் நடத்தும் முதல் பாடம். ஜெபத்தில் பதவி உயர்வு போய், பிள்ளைகளின் பெயர்கள் வந்துவிட்டன.

அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை, நிவேதாவின் அடுத்த வகுப்பைப் பார்க்க அந்தப் பள்ளிக்குப் பயந்துகொண்டே போனேன். சங்கீதா பிள்ளையை அனுப்பமாட்டார் என்றே நினைத்தேன். அவர் துர்காவைக் கூட்டி வந்து, அவள் கையை என் கையில் கொடுத்தார். “பாத்துக்குங்க மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

பயந்துபோய் இருக்கிறவர்களே, உங்கள் பாரத்தையும் அப்படியே ஆண்டவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். இவ்வளவு பெரிய தவறு செய்த என்னிடமே ஒரு தாய் பிள்ளையைக் கொடுத்தார். நீங்கள் கொடுக்கப்போகிறவர் தவறே செய்யாதவர்.