ஆலாவின் இரைப்பை

தரங்கம்பாடிக் கடற்கரையில் மழை வரும்போல் வானம் கறுத்திருக்கிறது. கடல் பறவைகள் எதைத் தின்கின்றன என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. அலை ஒதுக்கிய ஆலா ஒன்று செத்துக் கிடக்கிறது. கையுறை மாட்டிக்கொண்டு, பலகையில் வைத்து அறுக்கிறேன்.

காலிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்த பெண் எழுந்து பக்கத்தில் வருகிறார். அவருடைய கணவர் போன ஃபைபர் படகு இன்னும் திரும்பவில்லை. வரப்போகும் மீனுக்காக ஐஸுக்குச் சொல்லிவைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

“இதுக்கா தம்பி காலேஜுல படிக்கிறீங்க? கறிக்கடைக்குப் போயிருந்தா நாலு காசாவது பார்த்திருக்கலாம்.”

“திருக்காட்டுப்பள்ளியில எங்கம்மாவும் இதையேதான் கேக்குறாங்கக்கா. எங்க வீட்டுல மொதல்ல படிச்சவன் நான்தான்.”

சிரிக்கிறார். நான் இரைப்பையைத் திறக்கிறேன். மீன் முள் இல்லை, செதில் இல்லை. நீல நைலான் நூல் மட்டும் கொஞ்சம் சுருண்டு கிடக்கிறது. என் ஆராய்ச்சிக்கு அது நல்ல சான்று. அவசரமாகப் படம் எடுத்துக்கொள்கிறேன்.

அவர் இப்போது சிரிக்கவில்லை. “ஆலா பாஞ்சு பாஞ்சு எந்திரிக்கிற எடம் பார்த்துதான் எங்க வீட்டுக்காரரு வலை விடுவாரு. அதுக்கே ஒண்ணும் கெடைக்கலையா?”

“ஒத்தப் பறவைய வச்சு அப்படிச் சொல்ல முடியாதுக்கா. நோய் வந்தும் செத்திருக்கலாம்.”

நான் சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கடலைப் பார்த்தபடியே இடுப்பிலிருந்து கைப்பேசியை எடுக்கிறார்.

“அண்ணே, இன்னைக்கு ஐஸ் ஏத்த வேணாம்.”