பெரியவனுக்குப் பார்த்த வைத்தியம்

மீன் டாக்டர் என்ற பெயரை அவர் கேட்டு வாங்கவில்லை. கடை திறந்தபோது போர்டு எழுத வந்தவர் ‘வண்ணமீன் கடை’ என்று எழுதி முடித்துவிட்டுப் பார்த்தார். கீழே ஒரு முழம் இடம் மிச்சம். சும்மா விடுவானேன் என்று, ‘மீன்களுக்கு வைத்தியமும் பார்க்கப்படும்’ என்று தானாக ஒரு வரியைச் சேர்த்துவிட்டுப் போய்விட்டார். மறுவாரமே ஒரு அம்மாள் கண்ணாடி ஜாடியில் மீனைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அது போர்டுக்காரர் விளையாட்டாக எழுதினது என்றா சொல்ல முடியும்? முகர்ந்து பார்த்தார். தண்ணீர் நாறியது. மாற்றச் சொன்னார். மீன் பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவர் டாக்டர்.

எட்டாவது ஃபெயிலான மனிதரை நாலு தெரு சேர்ந்து டாக்டர், டாக்டர் என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். இனித்தது. ஆனால் ஏமாற்றுக்காரர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பேரைக் கொடுத்துவிட்டார்களே என்று இருபது வருஷம் உழைத்துக் கற்றுக்கொண்டார். துடுப்பு அழுகினால் என்ன, வயிறு ஊதினால் என்ன, செதில் சிலிர்த்தால் என்ன, எல்லாம் அத்துப்படி. யார் வீட்டுக்குப் போனாலும் தொட்டிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு கால்மணி நேரம் சும்மா பார்ப்பார். “கையை விடுறதுக்கு முன்னாடி கண்ணை விடணும்” என்பார். அப்புறம்தான் கேள்வி. தண்ணி எப்ப மாத்தினீங்க, தீனி எவ்வளவு போடுறீங்க, புதுசா ஏதாவது மீன் விட்டீங்களா.

“எனக்கு நாலு நாளா காய்ச்சல், என்னன்னு ஒரு வார்த்தை கேக்கலை. எவனோ வீட்டு மீன் வாயைப் பொளந்துச்சுன்னா விழுந்தடிச்சு ஓடுறாரு” என்று மனைவி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அவர் சிரித்துக்கொள்வார்.

பெரிய தெருவில் ஒரு பல் கிளினிக். பல் பிடுங்கக் காத்திருப்பவர்களுக்கு நடுக்கம் குறையட்டும் என்று முன்னறையில் நாலடிக் கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார்கள். அதில் ஐந்து தங்கமீன்கள். எல்லாவற்றிலும் பெரியது உள்ளங்கை நீளம் இருக்கும். ஆரஞ்சு முதுகு, வெள்ளை வயிறு. அதற்குப் பெரியவன் என்று பெயர். வைத்தது அங்கே கூட்டித் துடைக்கிற க்ளீனிங் அக்கா. காலையில் கதவைத் திறந்ததும் முதலில் மீன்களுக்குத் தீனி போட்டுவிட்டுத்தான் துடைப்பத்தை எடுப்பார். “டேய் பெரியவனே, சின்னதுங்களுக்கும் கொஞ்சம் விடுடா” என்று அதட்டுவார். அது கண்ணாடியில் வாயை ஒட்டவைத்துக்கொண்டு அவரையே பார்க்குமாம்.

ஒருநாள் பல் டாக்டர் ஃபோன் பண்ணினார். பெரியவன் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. உடனே வர முடியுமா?

போனார். முன்னறையில் ஏழெட்டுப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து பல் டாக்டர், வெள்ளைக் கோட்டு போட்ட நிஜ டாக்டர், எழுந்து வெளியே வந்து, “வாங்க டாக்டர், வாங்க” என்றார். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நம் ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரத்தில் போய், ஸ்டூல் போடுங்க, கால்மணி நேரம் பார்க்கணும் என்று சொல்ல மனசு வரவில்லை. டார்ச்சை அடித்தார். செவுள் மூடியில் உப்புக்கல் மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

“வெண்புள்ளி நோய். பயப்படாதீங்க, அஞ்சே நாள்” என்றார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

க்ளீனிங் அக்கா பக்கத்தில் வந்து, “டாக்டர் சார், ஆனா அது நல்லாத்தான் சார் சாப்பிடுது. மத்ததைத் துரத்திக்கிட்டு வேற இருக்குது” என்றார்.

“நோய் உள்ள இருக்கும்மா. வெளிய தெரியாது” என்று அக்காவின் வாயை அடைத்தார்.

தண்ணீரைச் சூடாக்க ஹீட்டர் வைத்தார். உப்புப் போட்டார். பச்சை மருந்தைச் சொட்டு எண்ணி விட்டார். மூன்று நாளாகியும் புள்ளி ஒன்றுகூடக் குறையவில்லை. சரி, முரட்டு நோய் போலிருக்கிறது என்று மருந்தைக் கூட்டினார், சூட்டையும் கூட்டினார். நாலாம் நாள் பெரியவன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஐந்தாம் நாள் காலையில் தொட்டியின் அடியில் பக்கவாட்டில் கிடந்தது. ‘அஞ்சே நாள்’ என்று அவர் சொன்னது அப்படிப் பலித்தது, போங்கள்.

அன்றைக்கும் முன்னறை நிறைய ஆட்கள். “என்ன டாக்டர், இப்படி ஆயிடுச்சு?” என்று பல் டாக்டர் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான். தெரியலைங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அந்த ஒரு வார்த்தை வாய்க்கு வரவில்லை. சுற்றிப் பார்த்தார். மாப் வாளியைப் பிடித்துக்கொண்டு க்ளீனிங் அக்கா அழுதுகொண்டு நின்றார்.

“தொட்டிக்குள்ள யார் கை விடுறது?”

“நான்தான் சார். தீனி போடுறப்போ…”

“தரை துடைக்கிற கையோடவா?”

“ஐயோ, கழுவிட்டுத்தான் சார் போடுவேன்.”

“கழுவினா மட்டும் ஃபினாயில் போயிடுமா? நகத்துக்குள்ளயே நிக்கும். அதான் மருந்து வேலை செய்யலை. உங்க கைதாம்மா காரணம்.”

சொல்லிவிட்டு மருந்து டப்பாவையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பேர் தப்பித்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தைக்கூடச் சொல்லவில்லை, அதைக் கூட்டுகிறவரைச் சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டு வாரம் கழித்து மற்ற நாலு மீன்களைப் பார்க்கப் போனபோது வேறொரு பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா எங்கே என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

“அவங்களை நிறுத்தியாச்சு சார்” என்றாள் முன்மேஜைப் பெண். “மீனுக்கே இந்தக் கதின்னா, நாளைக்கு பேஷண்ட் வாய்ல வைக்கிற சாமானைத் தொட்டா என்ன ஆகும்னு டாக்டர் பயந்துட்டாரு. நீங்கதானே கண்டுபிடிச்சு சொன்னீங்க?”

திருடனுக்குத் தேள் கொட்டினது மாதிரி ஆகிவிட்டது. நிஜமாகவே ஃபினாயிலாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பத்து தடவை சொன்னால் நம்பிவிடலாம் என்று நினைத்தார். பாதி நம்பியும்விட்டார். கிளினிக்குக்குப் போவதை மட்டும் மெல்ல நிறுத்திக்கொண்டார்.

ஏழெட்டு மாசம் போயிற்று. கடையின் பின்தொட்டியில் ஒரு ஜோடி தங்கமீன் விலைபோகாமல் கிடந்து வளர்ந்துவிட்டது. ஒரு காலை அதில் ஆண் மீனின் செவுள் மூடியில் அதே வெள்ளைப் புள்ளிகள். கை தானாகப் பச்சை மருந்து பாட்டிலுக்குப் போயிற்று.

“அதுக்கு எதுக்கு மருந்து?” என்றாள் மனைவி, கல்லாவில் உட்கார்ந்தபடியே. “நாலு நாளா அந்தப் பொட்டை மீனை விடாம துரத்துது. சீக்காளி பண்ற வேலையா அது?”

பாட்டிலைக் கீழே வைத்தார். ஸ்டூலைப் போட்டார். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். புள்ளிகள் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் ஓரத்திலும் மட்டும்தான், வரிசை வரிசையாக. முதுகில் ஒன்று இல்லை, வாலில் ஒன்று இல்லை. வெண்புள்ளி வந்த மீன் மாதிரிக் கல்லில் போய் உடம்பைத் தேய்க்கவில்லை. போட்ட தீனியை ஒன்று விடாமல் தின்றது. பெண் மீனுக்கு ஒரு புள்ளியும் இல்லை. மறுநாள் காலை பாசிச்செடி முழுக்க ஜவ்வரிசி மாதிரி முட்டை.

மொத்தமாக மீன் கொண்டுவரும் வண்டிக்காரருக்கு ஃபோன் போட்டுக் கேட்டார். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். “வயசுக்கு வந்த ஆண் தங்கமீனுக்கு அப்படித்தான்யா வரும். நமக்கு மீசை வர்ற மாதிரி. மாப்பிள்ளை ஆயிட்டான்னு அர்த்தம். நீ பாட்டுக்கு மருந்து கிருந்து ஊத்திடாத!”

இருபது வருஷத்தில் இது ஏன் தெரியாமல் போயிற்று? அவர் கடையில் விற்பது விரல் நீளக் குஞ்சு மீன்கள். அவரிடம் வருவதோ சீக்கு மீன்கள். நல்லா இருக்கிற மீனை யார் டாக்டரிடம் கொண்டுவருவார்கள்? பெரியவனுக்கு ஒரு நோயும் இல்லை. இருந்ததிலேயே திடகாத்திரமாக இருந்த நாளில் அதைச் சூட்டிலும் மருந்திலும் போட்டுக் கொன்றிருக்கிறார். சின்ன உடம்பு என்பதால் மற்ற நாலும் எப்படியோ தாக்குப்பிடித்துவிட்டன. க்ளீனிங் அக்கா சரியாகத்தான் சொன்னார். சாப்பிடுது சார், துரத்துது சார் என்று கண்ணால் பார்த்ததைச் சொன்னார். டாக்டர் வேலையைப் பார்த்தது அவர். இவர் செய்தது நாக்கில் நரம்பில்லாமல் ஒரு பழி. நினைக்க நினைக்க உடம்பு கூசியது. கடைக்கு ஆள் வந்து ‘டாக்டர்’ என்று கூப்பிட்டபோது, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிடலாம் போலிருந்தது.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிறவள் அன்றைக்குக் கேலி பண்ணவில்லை.

“அந்தப் பொம்பளை இப்ப எங்க இருக்காங்க?”

“தெரியலை.”

“எட்டு மாசமா தெரிஞ்சுக்கவும் இல்லையா?” என்றாள். “போங்க. முதல்ல போய்த் தேடுங்க.”

நேரே கிளினிக்குக்குப் போனார். இந்தத் தடவை முன்னறையில் எல்லார் காதிலும் விழும்படியே சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனார். பல் டாக்டர் உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டார். முழுதும் கேட்டுவிட்டு, “அது போகட்டும் விடுங்க டாக்டர். ஒரு மீனுதானே? இப்ப வேற ஆளும் போட்டாச்சு. எதுக்குப் பழசைக் கிளறிக்கிட்டு?” என்றார். அவருக்கும் கொஞ்சம் சங்கடம்தான், முகத்தில் தெரிந்தது. முன்மேஜைப் பெண்தான் வெளியே வரும்போது ஒரு துண்டுச் சீட்டில் விவரம் எழுதிக் கொடுத்தாள்.

பஸ் டெப்போவில் பஸ் கழுவுகிற வேலை. பின்பக்கம் சிமெண்ட் தரையில் எட்டு பஸ் வரிசையாக நிற்க, அக்கா குழாயைப் பிடித்துச் சக்கரத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை ரப்பர் கையுறை. இவரைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டு, “வாங்க டாக்டர் சார், நல்லா இருக்கீங்களா?” என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நின்றபடியே சொன்னார். பெரியவனுக்கு நோய் இல்லை, தான் கொடுத்த மருந்தால்தான் செத்தது, ஃபினாயில் என்பது வாய்க்கு வந்த பொய், பேர் போய்விடுமே என்று அக்கா தலையில் போட்டது. ஒன்றையும் பூசி மெழுகவில்லை.

அக்கா குழாயைக் கீழே போட்டார். ஈரக் கையுறையோடு இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வேலை போனது போகட்டும் சார். வேற கிடைச்சிடுச்சு” என்றார் அப்புறம். “என் பொண்ணுக்குக் குழந்தை பிறந்து மூணு மாசம் ஆகுது. வந்து தூக்கும்மா, தூக்கும்மான்னு கூப்பிட்டுப் பார்த்தா. நான் தூக்கலை. வாசல்ல நின்னு பார்த்துட்டு வந்துருவேன். உள்ளங்கை நீள மீனே இந்தக் கையால செத்துச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு, பச்சைக் குழந்தையைத் தொடலாமான்னு… என் கையை நானே நம்பலை சார்.”

அவருக்குக் கும்பிடக் கை எழுந்தது. கும்பிட்டுத் தப்பித்துக்கொள்கிற விஷயமா இது என்று கீழே போட்டுக்கொண்டார்.

“நீங்க ஒண்ணு பண்ணணும்” என்றார் அக்கா. “என் பொண்ணுகிட்ட வந்து இதைச் சொல்லணும். அம்மாவுக்குப் பேரப்பிள்ளை மேல ஆசையில்லைன்னு நினைச்சுக்கிட்டிருக்கா.”

ஷிஃப்ட் முடியும்வரை டெப்போ வாசலில் காத்திருந்தார். மகள் வீடு இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஒற்றை அறை. மகள் கதவைத் திறந்தாள், தோளில் குழந்தை. படியில் நின்றுகொண்டே மறுபடி முதலிலிருந்து சொன்னார். இரண்டாம் தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“இத்தனை நாள் எங்கம்மா என் பிள்ளையைத் தூக்காததுக்கு நீங்கதான் காரணமா?” என்றாள் அவள்.

“ஆமாம்மா.”

“படிச்ச டாக்டரா நீங்க?”

“இல்லம்மா. எட்டாவது ஃபெயில்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, “கேட்டியா? உன் கைக்கு ஒண்ணும் இல்லை. இந்தா, பிடி” என்று குழந்தையை நீட்டினாள்.

“இரு, கை கழுவிட்டு வந்துடுறேன்” என்று அக்கா உள்ளே போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. சோப்பு டப்பா மூடுகிற சத்தம் கேட்டது, திரும்பத் திறக்கிற சத்தமும் கேட்டது. மகள் குழந்தையை நீட்டிய கையை மடக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு காத்திருந்தாள். “அம்மா, போதும் வா” என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி, “போதும்மா” என்றாள். அவர் படியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.