கிரிவலம் போன கரண்ட்

கரண்ட் கண்ணுக்குத் தெரியாது, பழி மட்டும் நம் தலையில் வந்து விழும் என்று எலக்ட்ரிக்கல் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸ் வேலையை விட்டுவிட்டு, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி செய்யத் திருவண்ணாமலையில் கடை போட்டேன். முதல் பெட்டி சரோஜா அம்மாவின் அச்சகத்துக்கு. அது திரும்பி வந்தால் நானும் மெட்ராசுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நான்கு கதவு

"உள்ள நாலு இருக்கே, இன்னாங்க அது?" என்றார் அம்மா. தைரிஸ்டர், கரண்டுக்குக் கதவு மாதிரி என்றேன். லைனில் வரும் கரண்ட் திசை மாறி மாறிப் பாயும், அவருடைய டி.சி. மோட்டாருக்கோ ஒரே திசையில் வேண்டும். இப்படி வந்தால் ஒரு ஜோடிக் கதவு திறக்கும், அப்படி வந்தால் இன்னொரு ஜோடி. எந்தத் தெருவில் இருந்து வந்தாலும் மலையை எல்லோரும் ஒரே பக்கமாகத்தானே சுற்றுகிறோம்?

கதவு தானாகத் திறக்காது. மெல்லிய கேட் கம்பி வழியாக ஒரு தட்டு தட்ட வேண்டும். சீக்கிரம் தட்டினால் வேகம் ஜாஸ்தி, தாமதித்தால் கம்மி. அந்தத் திசையில் வந்த கரண்ட் அலை அடங்கியதும் கதவு தானே மூடிக்கொள்ளும். எல்லாம் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: "கிரிவலம் போவட்டும். பாதியில செங்கம் ரோட்டுல குந்திக்காம இருந்தா சரி."

உறுமல்

ஆயுத பூஜை முடிந்து மெஷினை ஓட்டிய அன்றே அச்சகத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. ஓடினேன். மெஷின் உறுமி உறுமி ஆடியது. தீபத் திருவிழா நோட்டீஸில் மலை உச்சியில் விழ வேண்டிய சிவப்புச் சுடர், மலையை விட்டு விலகி ஆகாயத்தில் எரிந்தது. ஒரு ஜோடி திறக்கவில்லை, பாதி அலைதான் போகிறது என்று என் காதே சொல்லிவிட்டது. அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்: "சாயந்திரத்துக்குள்ள சரியாவலைனா பொட்டிய தூக்கினு போயிடுங்க."

பொட்டு

திறந்தால், நான்கு தைரிஸ்டருக்கும் சந்தனம், குங்குமம். ஒன்றின் கேட் கம்பி கழன்று, காய்ந்த சந்தனத்தில் வெகு பக்தியாக ஒட்டிக்கொண்டிருந்தது. "நான்தான் பூஜைக்குத் தொடச்சேன். கம்பி அவுந்துச்சு, சந்தனம் வச்சு ஒட்டிட்டேன்" என்றார் அம்மா, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

சந்தனத்தில் கரண்ட் போகாது என்று வாதாடவில்லை. ஈயம் வைத்துப் பற்றவைத்து, வேகக் குமிழைத் திருகினேன். உறுமல் போய் சீரான ரீங்காரம் வந்தது. சுடர் உச்சியில் போய் ஜம்மென்று உட்கார்ந்தது. சந்தோஷத்தில் கத்தியே விட்டேன்.

அந்த வாரமே பக்கத்து அச்சகக்காரர் பெட்டியைப் பார்க்க வந்தார். அம்மா பெருமையாகச் சொன்னார்: "தைரியமா வாங்குங்க. ரிப்பேர்னா அவர தேடாதீங்க, நானே வந்து பாக்கறேன்."

மெட்ராசுக்கு நான் திரும்பவே இல்லை, ஊரெல்லாம் என் பெட்டிதான். ஆனால் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் முதல் நாள் போய் எல்லாப் பெட்டிக்கும் பூட்டுப் போட்டுவிட்டு வந்ததுதான் என் தொழில்நுட்பம்.