முளைக்குக் கால் முளைத்த வருஷம்

சிக்வால்டியின் முன்பல் இரண்டு போனது பக்கத்துப் பண்ணைக்காரன் தோர்கெல்லின் மண்வெட்டிக் காம்பில். சிக்வால்டியும் சும்மா விழவில்லை. தோர்கெல்லின் மூக்கை உடைத்துவிட்டுத்தான் விழுந்தான். அறுபது வயதில் அப்படிக் குத்துவிட இந்த ஏரிக்கரையில் வேறு ஆள் கிடையாது. படிப்பு நாலு வருஷம்தான். ஆனால் எரிமலைக் கல்லைக் கடப்பாரையால் பெயர்த்துத் தன் கையாலேயே புல்வயல் உண்டாக்கியவன். அவனைப் போய்த் திருடன் என்றால்?

வயலுக்கு மேற்கு எல்லை அவன் வீட்டுச் சுவர். கிழக்கே ஓர் இரும்பு முளை. அதைத் தாண்டினால் தோர்கெல்லின் புல். சுவருக்கும் முளைக்கும் உள்ள தூரத்துக்குச் சரியாகக் குதிரைமயிரில் கயிறு திரித்து, ஒருவரும் கைவைக்காதபடி தேவாலயத்தில் மாட்டியிருந்தார்கள். ஆடுகளை மலைக்கு ஓட்டுமுன் வருஷந்தோறும் பிடித்துப் பார்ப்பார்கள். முப்பது வருஷம் கச்சிதமாக நின்ற கயிறு, இந்த வருஷம் முளைக்கு ஒரு சாண் எட்டவில்லை.

"கயிறு கோயில்ல தொங்குது. அப்ப முளைக்குக் கால் முளைச்சிருச்சாடா, திருட்டுப் பயலே?" என்றான் தோர்கெல். அதற்குத்தான் அந்தக் குத்து.

முந்தின கோடையில் கருவியோடு அளக்க வந்த நிலவியல்காரி சொன்னாள்: ஆதியில் உலகத்து நிலமெல்லாம் ஒரே துண்டாம், கிழிந்து விலகியதாம், அந்தக் கிழிசல் சிக்வால்டியின் வயலுக்குள்தான் ஓடுகிறதாம், அதற்கு மேற்கே இருப்பதெல்லாம் அமெரிக்காவோடு சேர்ந்த துண்டாம். ஊரே சிரித்தது. உரக்கச் சிரித்தவன் சிக்வால்டி. இப்போது எந்த முகத்தோடு அதைச் சொல்வான்?

மாவட்ட அதிகாரி வந்தார். திருட்டு என்று எழுதிவிட்டால், இலையுதிர்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் ஆடுகளை அவரவர் பிரித்துக்கொள்ளும் பட்டியில் நாலு ஊர் முன்னால் தலைகுனிந்து நிற்கவேண்டும். சிக்வால்டி சுவரோரம் ஒரு முனையைப் பிடித்தான். தோர்கெல் மறுமுனையை இழுத்துக்கொண்டு முளையை நோக்கி நடந்தான்.

பூமி உறுமியது. வயல் நடுவே புல்தரை துணிபோலக் கிழிந்தது. வேலிக் கம்பி அறுந்து தோர்கெல்லின் காதைச் சீவிக்கொண்டு போனது. குட்டியோடு ஓர் ஆடு கத்திக்கொண்டே பிளவுக்குள் போயிற்று. சுடு நீராவிதான் மேலே வந்தது. தோர்கெல்லும் சரிந்தான். கயிற்றை மட்டும் விடவில்லை.

சிக்வால்டி கயிற்றை முழங்கையில் சுற்றிச் சுவரில் காலை ஊன்றினான். தோல் உரிந்து ரத்தம் சொட்டியது. எருமைப் பலம் அவனுக்கு. இழுத்து மேலே போட்டான்.

"திருடன்னியே, அத மொதல்ல முழுங்குடா."

"முழுங்கிட்டேன். மென்னு முழுங்க எனக்குப் பல்லு இருக்கே," என்றான் தோர்கெல், காதைப் பொத்திக்கொண்டு.

வெளிறிப்போயிருந்த அதிகாரி மீண்டும் அளக்கச் சொன்னார். முளையை யாரும் தொடவில்லை. கயிறு இப்போது இரண்டு முழம் எட்டவில்லை.

அந்த இலையுதிர்காலம், ஒற்றைக் காதோடு தோர்கெல் பட்டிச் சுவர்மேல் ஏறி நின்று கத்தினான்: "சிக்வால்டி முளைய நகத்தல! அவன் வீடுதான் அமெரிக்காவுக்கு ஓடுது!"