பச்சை ஸ்டிக்கர் ஒட்டும் இடம்

கிளப்பில் எல்லாரும் அவளை லிஃப்ட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அடுக்குமாடிக் கட்டிடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவள் தொழில். இருபத்திரண்டு வருஷமாக அதேதான். எண்ணெய்க் கறை போகாத விரல், மூக்குக்கு மேல் கோபம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரிமோட்டில் விமானம் விடுவாள். அதைப் பொம்மை என்று அவள் காதுபடச் சொல்லிவிடாதீர்கள். ஆறு கிலோ எடை, பெட்ரோல் எஞ்சின், முன்னால் சுற்றும் விசிறி அசந்தால் விரலை வாங்கிவிடும். இதற்குப் பேர் பொம்மையா?

"லிஃப்ட் மேல போகுதா, கீழ வருதான்னு யார் வேணாலும் பாத்துடுவாங்க. கம்பி அறுந்தா என்ன பண்ணும்னு பாக்குறதுதான் செக்கிங்" என்பாள். அந்தப் புத்தியைப் பார்த்துத்தான் ஆறு வருஷம் முன்னால் மைதானத்தின் சோதனைப் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள். விமானத்தை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் பாதி வேகத்தில் ஓடும். "இப்ப ரிமோட்டை அணைங்க" என்பாள். சிக்னல் போனதும் எஞ்சின் தானாக அடங்கினால் இறக்கையில் பச்சை ஸ்டிக்கர். அடங்காவிட்டால் யாராக இருந்தாலும் வந்த வழியே வீட்டுக்குப் போகலாம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள், ஒருத்தருக்கும் சலுகை கிடையாது.

போன மாதம் ஒரு ஞாயிறு, கிளப் தலைவர் காண்ட்ராக்டரின் சிவப்பு விமானம் நடுவானில் சிக்னலை இழந்தது. இழந்தால் அடங்க வேண்டியதுதானே? அடங்கவில்லை. முழு வேகம் எடுத்து, மைதானத்தைத் தாண்டி, மூலையிலிருந்த வாட்ச்மேன் வீட்டை நோக்கிப் பாய்ந்தது. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவியின் வலது கையை உடைத்துவிட்டுச் சுவரில் மோதிச் சிதறியது. அவள் கூரியர் ஆபீஸில் பார்சல் கட்டுகிறவள். கை இருந்தால்தான் அவளுக்கு வேலை.

அன்று சாயங்காலமே லிஃப்ட்டக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாவுக்கட்டோடு படுத்திருந்தவள் இவளைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நீங்க பாத்து ஸ்டிக்கர் ஒட்டின விமானம்தானேக்கா அது?"

ஆமாம் என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாரம் முன்னால்தான் அந்த விமானத்தை அவளே சோதித்திருந்தாள். அணைத்ததும் பூனை மாதிரி அடங்கியதை இரண்டு கண்ணாலும் பார்த்தவள். அப்புறம் எப்படி?

அடுத்த வாரம் கமிட்டிக் கூட்டம், டயர் கடைக்கு மேல் வாடகைக்கு எடுத்த அறையில். காண்ட்ராக்டர் வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். செயலாளர் முன்னால் மினிட்ஸ் நோட்டு.

"சோதனையில கவனக்குறைவுன்னு எழுதிக்கலாம். லிஃப்ட்டம்மா அந்தப் பொண்ணுகிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுட்டு, பொறுப்பிலிருந்து விலகிக்கட்டும். மைதானத்தை நமக்கு விட்டிருக்கிற நிலத்துக்காரரும் சமாதானமாயிடுவாரு" என்றார் காண்ட்ராக்டர், நாக்கில் நரம்பே இல்லாமல். கிளப்பில் பாதி பேருக்கு வீடு கட்டிக்கொடுத்த மனுஷன், எதிர்த்துப் பேச ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

லிஃப்ட்டக்காவுக்குக் கோபம் மூண்டது. பழியைத் தூக்கி யார் தலையில் கட்டலாம் என்று இவர்கள் வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். அவள் டூல்ஸ் பையைத் திறந்து மேஜைமேல் மூன்று பொருளை வைத்தாள். சிதறிய விமானத்திலிருந்து அன்றே செயலாளரிடம் சொல்லிவிட்டு எடுத்து வைத்திருந்த, சிக்னலை வாங்குகிற ரிசீவர், ஒரு பேட்டரி, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்ன மோட்டார்.

"சார், அன்னிக்கு விட்ட ரிமோட்டைக் கொஞ்சம் குடுங்க."

அவர் பையிலிருந்து எடுத்தார். பளபளவென்று புத்தம் புதுசு. அவள் சோதித்தபோது இருந்தது வேறு, பழையது.

"இது எப்ப வாங்கினது?"

"விபத்துக்கு முந்தின நாள். அதுக்கென்ன இப்ப? ரிமோட்டை மாத்தினா ரிசீவர் மாறிடுமா?"

ரிசீவர் மாறாது. ஆனால் புது ரிமோட்டை அதற்கு அறிமுகப்படுத்தும்போது, ரிசீவரின் பொத்தானை அழுத்துகிற அந்த நொடியில் ரிமோட்டின் வேகக் குச்சி எங்கே இருக்கிறதோ, அதையே 'சிக்னல் போனால் இப்படிச் செய்' என்று எடுத்து வைத்துக்கொள்ளும். குச்சியைக் கீழே இறக்கிவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். இது அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ரிமோட்டை மாற்றினால் மறுபடி சோதனை என்பதும் தெரியும், அதை எழுதி கேட்டிலேயே மாட்டியிருக்கிறது.

லிஃப்ட்டக்கா மூன்றையும் இணைத்து, ரிமோட்டைப் போட்டாள், குச்சியைக் கீழே வைத்தாள். மோட்டாரின் கை கீழே படுத்தது. ரிமோட்டை அணைத்தாள். மோட்டாரின் கை விருட்டென்று மேலேறி முழு வேகத்தில் போய் நின்றது. மறுபடி போட்டு, மறுபடி அணைத்தாள். மறுபடியும் முழு வேகம்.

காண்ட்ராக்டர் முகத்தில் ஈயாடவில்லை. சார்ஜ் ஏற்றாமல் கொண்டுவந்து நடுவானில் அணைந்துபோன புது ரிமோட், மேலே தள்ளியபடியே இருந்த குச்சி, சோதனைக்கு வராத திமிர். மூன்றும் அவருடையது.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "அப்ப தொழில்நுட்பக் கோளாறுன்னு போட்டுடலாமா? யார் மேலயும் இல்லாம."

"கோளாறா? எல்லாம் சொன்னபடி கேட்டுச்சு சார். சொன்ன ஆள் பேரைப் போடுங்க" என்றாள். பேனா அசையவில்லை. அவள் மேஜையிலிருந்த எல்லாவற்றையும் அள்ளிப் பையில் போட்டாள், ரிமோட்டையும் சேர்த்து. "இதை நாளைக்குத் தரேன்." காண்ட்ராக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் இவள் படியிறங்கிவிட்டாள்.

நேராக வாட்ச்மேன் வீடு. அவன் மனைவி கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் தலை சீவப் பழகிக்கொண்டிருந்தாள். லிஃப்ட்டக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் பரப்பினாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். "நீயே அணைச்சுப் பாரும்மா" என்று ரிமோட்டைக் கொடுத்தாள்.

அவள் இடது கையால் அணைத்தாள். மோட்டாரின் கை விருட்டென்று எழுந்தது.

"நீங்க பாத்ததுக்கு அப்புறம் மாத்தியிருக்காரு."

"ஆமாம்மா."

லிஃப்ட்டக்காவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்தாள்.

"அந்தப் பொத்தான் எங்கக்கா இருக்கும்?"

"உள்ள. விமானத்தோட வயித்துப் பக்கம் ஒரு மூடி இருக்கும், அதைத் திறந்தாத்தான் தெரியும்."

"நீங்க ஸ்டிக்கரை எங்க ஒட்டுவீங்க?"

"இறக்கை மேல. தூரத்துலேர்ந்தே தெரியணும்ல."

வாட்ச்மேன் மனைவி மாவுக்கட்டை மடியில் சரிசெய்து வைத்துக்கொண்டாள். "நாங்க பார்சல்ல டேப்பை அழகுக்கு ஒட்ட மாட்டோம்க்கா. திறக்கிற இடத்துல, மூடி மேல பாதி பெட்டி மேல பாதி ஒட்டுவோம். நடுவுல யார் கை வெச்சாலும் கிழிஞ்சு காட்டிக் குடுத்துடும்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. வேலையைப் பற்றிச் சொல்கிற குரல்தான். லிஃப்ட்டக்காவுக்குத்தான் சுருக்கென்றது. ஆறு வருஷம், நானூறு ஸ்டிக்கராவது இருக்கும், எல்லாம் இறக்கை மேலே, பார்வைக்கு. டயர் கடை மாடியில் இருந்தவர்கள்மேல் மூண்ட கோபம் அப்படியே திரும்பி அவள் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

எந்த மன்னிப்பைக் கேட்க மாட்டேன் என்று கூட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாளோ, அதை அந்தக் கட்டிலுக்கு முன்னால் தானாகவே கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சோதனைப் பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்காமல் கேட்டில் நின்றாள். காண்ட்ராக்டர் புது விமானத்தோடு முதல் ஆளாக வந்தார். பிடி, ஓட்டு, அணை, அடங்கியது. அவள் விமானத்தைப் புரட்டிப்போட்டு, வயிற்று மூடிமேல் பாதியும் உடம்புமேல் பாதியுமாக ஸ்டிக்கரை அழுத்தித் தேய்த்தாள்.

"அங்க ஒட்டினா யாருக்கும்மா தெரியும்?" என்றார் அவர்.

"எனக்குத் தெரியும் சார்" என்றாள். "அடுத்த ஆள் வாங்க."