அக்கம்மாள் மறுத்த ஒன்ஸ்மோர்

காரைக்குடியில் தண்டாயுதபாணியின் நாடகக் கொட்டகையை எல்லோரும் புரட்சிக் கொட்டகை என்றார்கள். மற்ற கொட்டகைகளில் புராண ராஜாக்கள் பாடிக்கொண்டிருந்த 1934இல் இங்கே விதவை மறுமணம் நடந்தது. வாரம் மூன்று முறை நடந்தது. கொட்டகைக்கு வெளியே ஒருமுறையும் நடக்கவில்லை. அதற்காக யாரும் குறைப்பட்டதாகத் தெரியவில்லை.

விதவையாக நடித்தவள் கண்டனூர் அக்கம்மாள். பத்தொன்பது வயதில் புருஷனை இழந்து, கொட்டகை கூட்ட வந்தவள். “உண்மை விதவையே விதவை வேஷத்தில்!” என்று தண்டாயுதபாணி நோட்டீஸ் போட்டார். வெள்ளைச் சேலை அவளிடமே இருந்தது அவருக்கு இன்னும் வசதி.

மாப்பிள்ளை வேஷம் பூமிநாதனுக்கு. கடைசிக் காட்சியில் தாலி கட்டுவான். சனங்கள் “ஒன்ஸ்மோர்” என்று கத்தினால் அதைக் கழற்றிவிட்டு மறுபடி கட்ட வேண்டும். ஒருநாள் ஐந்து தடவை கட்டினான். திரை இறங்கியதும் மெதுவாகக் கேட்டான்:

“கழட்டவே வேண்டாத ஒண்ணக் கட்டட்டா?”

“கட்டுவீக. சாட்சிக்கு எவன் வருவான்?”

“எண்ணூறு பேரு கைதட்டுறாகளே, பத்தாதா?”

அவளும் நம்பினாள். கைதட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது மேடையில் நிற்பவர்களுக்கு வரும் நோய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூமிநாதன் அசல் பொன்தாலியைக் கட்டினான். “ஒன்ஸ்மோர்!” என்று கொட்டகை அதிர்ந்தது. அக்கம்மாள் தாலியைப் பொத்திக்கொண்டு முன்னால் வந்தாள்.

“இது கழட்டுற தாலி இல்லைங்க. நெசமாவே கட்டிக்கிட்டோம். நீங்கதான் சாட்சி.”

முன்வரிசையில் அழகுசுந்தரம் எழுந்தார். முந்தின வாரம் பூமிநாதனுக்கு மெடல் குத்தியவர்.

“குடும்பத்தோட வந்து உக்காந்திருக்கோம்! அறுத்தவளுக்கு நெசத்தாலியா? வெக்கமா இல்ல?”

“போன வாரம் கண்ணீர் விட்டீகளே, ஐயா?”

“அது நாடகம்டீ!”

செருப்புகள் வந்து விழுந்தன. தண்டாயுதபாணி திரையை இறக்கி, “கொட்டகை பேரக் கெடுத்துட்டீகளே” என்று இருவரையும் வெளியேற்றினார். எந்தப் பேர் என்று அவர் விளக்கவில்லை.

மூன்றாம் நாள் பூமிநாதனோடு சந்தையில் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டிருந்த அக்கம்மாளை இழுத்துப்போக அவள் அண்ணன் சின்னக்கருப்பன் வந்துவிட்டான்.

“நாடகத்துல கட்டினது தாலியா? கழட்டி எறிஞ்சிட்டு வா.”

அங்கே நின்ற அழகுசுந்தரத்துக்குப் பொறுக்கவில்லை. ஊர் கெட்டதை மூன்று நாளாக ஒவ்வொரு கடையாகச் சொல்லிவந்தவர் அவர்.

“நாடகத் தாலியா? யாருகிட்டக் கதை விடுற? அசல் பொன்னு! மூணு முடிச்சு! முன்வரிசைல இருந்து என் ரெண்டு கண்ணால பாத்தேன்!”

கூட்டத்தில் இன்னும் நாலைந்து பேர், “நானும் பாத்தேன்” என்று காறித் துப்பினார்கள். சின்னக்கருப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்; அத்தனையும் சாட்சி. அக்கம்மாள் கத்திரிக்காயை மடியில் கட்டிக்கொண்டு பூமிநாதனோடு நடந்தாள்.