படமெல்லாம் எழுத்தாகிப் போன மத்தியானம்

நான் திருமயத்தில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். போன தடவை வந்தபோது, பழைய ஆல்பத்திலிருந்த அவனுடைய சின்ன வயதுப் படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போனான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் படங்கள்தான் எனக்குத் துணை.

ஒருநாள் படத்தைத் திறந்தபோது, எதில் திறக்கட்டும் என்று கேட்டு ஒரு பெட்டி வந்தது. ஏதோ ஒரு பெயரைத் தொட்டேன். எப்போதும் இதிலேயே திறக்கலாமா என்று கீழே ஒரு சின்னக் கட்டம். காலமெல்லாம் விடைத்தாள் திருத்திய கையல்லவா, டிக் போட்டுவிட்டது.

அவ்வளவுதான். எந்தப் படத்தைத் திறந்தாலும் மகன் முகத்துக்குப் பதிலாகப் புரியாத எழுத்துகள் கொட்டின. வைரஸ் என்று பயந்து எல்லாவற்றையும் அழிக்கப் போனவள், மனசு கேட்காமல் அவனுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, எதையும் அழிச்சிராத! படம் எங்கிட்டும் போகல. எழுத்து மட்டும் காட்டுற நோட்பேடுல தொறக்கச் சொல்லி நீயே டிக் போட்டுருக்க. ரைட் கிளிக் பண்ணு, சொல்றேன்."

அவன் சொல்லச் சொல்ல மாற்றினேன். முதல் படம் திறந்தது.

"நம்மூர்க் கோட்டை மேல நீ அழுதுக்கிட்டு நிக்கிறடா."

"ஏம்மா அழுதேன்?"

"பீரங்கியப் பாத்துப் பயந்துட்ட."

சாப்பிட்டியா என்று கேட்டதும் போனை வைத்துவிடுகிறவன், அன்று ஒரு மணி நேரம் பேசினான்.

இப்போதெல்லாம் எந்தக் கட்டத்தையும் படித்துப் பார்த்துத்தான் தொடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும், தெரிந்தே நோட்பேடுக்கு மாற்றி டிக் போட்டுவிட்டு, அவனைக் கூப்பிடுகிறேன்.